வளைவில் பிடித்த வேட்டி

பையைத் திறந்ததும் உங்கள் வேட்டிதான் முதலில் கையில் பட்டது. ஓரத்தில் அந்தக் குங்குமக் கறை அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடம் அதை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். நீங்கள் போன பிறகு நான் படம் எடுக்க ஒத்துக்கொண்ட முதல் கார். நிறம் என்ன தெரியுமா? கறுப்பு. என் தலையெழுத்து!

கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைத்தவர்கள் நாம். கேமராவின் தலையிலிருந்து பிளாஷைக் கழற்றித் தள்ளி வைத்து அடித்தால்தான் காரின் வடிவம் எடுப்பாகத் தெரியும் என்று செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். அமுக்குவது நான், வெளிச்சம் பிடிப்பது நீங்கள். "பொண்டாட்டிக்கு லைட்டு புடிச்சிக்கினு போறான் பாரு" என்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எலவனாசூர்கோட்டைக்காரரின் புதுக் கார்தான் நமக்கு முதல் கார். வெள்ளிமலை போகிற ரோட்டில், பின்னால் மலை தெரிய எடுக்க வேண்டும் என்றார். பூஜை போட்டு பானெட்டில் வைத்த குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எப்படி அடித்தாலும் கறுப்புக் கதவில் பிளாஷ் வெள்ளைப் பொட்டாகவே விழுந்தது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"இது வரலன்னா இனிமே எவன் நம்மள கார் எடுக்கக் கூப்புடுவான்?" என்று கத்தினேன்.

நீங்கள் வேட்டியை அவிழ்த்தீர்கள். உள்ளே காக்கி டிராயர்.

"அய்யய்யோ, இன்னாங்க இது! மானம் போவுது."

"படம் வருதான்னு மட்டும் பாரு புள்ள."

ஒரு முனையைக் கார்க்காரரிடம் கொடுத்து, வேட்டியை விரித்துப் பிடித்தீர்கள். ரோட்டோரக் கல்லில் வைத்த பிளாஷ் அதில் பட்டுத் திரும்பியதும், பொட்டு மறைந்து கதவு நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. மலையையும் சேர்த்து எடுக்கப் பின்னால் நகர்ந்தேன். விரல் பொத்தானில் இருந்தது. அப்போது காற்று வேட்டியைப் பிடுங்கி பானெட்டுக் குங்குமத்தின் மேல் வீசியது. பிளாஷ் வெறுமனே ரோட்டு வளைவைப் பார்த்து நின்றது.

"அமுக்காத!"

உங்கள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதேயில்லை. விரல் உறைந்துவிட்டது. வளைவில் பஸ் திரும்பியது, உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். அந்த வெளிச்சம் டிரைவரின் கண்ணில் பட்டிருந்தால்? இந்தப் பக்கம் பள்ளம்.

"ரோட்ட பட்டா போட்டுக்கினு நிக்கிறீங்களா?" என்று டிரைவர் திட்டிக்கொண்டே போனார். நீங்களோ வேட்டியை உதறி மறுபடி விரித்து, வளைவை எட்டிப் பார்த்துவிட்டு, "ம், இப்ப அமுக்கு" என்றீர்கள். வெயில் கொஞ்சம்தான் மிச்சம். படம் வந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்த "ம்" வந்த பிறகுதான் அமுக்கினேன். கடைசியில் மாரடைப்பு வந்தபோது ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று சாயங்காலம் அதே ரோடு. இரண்டு லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவே உங்கள் வேட்டியை இழுத்துக் கட்டினேன். வெயில் மலையைத் தொட்டுவிட்டது.

"சீக்கிரம்மா, வெளிச்சம் போவுது" என்றார் கார்க்காரர்.

விரல் பொத்தானுக்குப் போனது, ஆனால் அமுக்க வரவில்லை. கேமராவைத் தொங்கவிட்டு வளைவுவரை நடந்து எட்டிப் பார்த்தேன். விளக்குப் போடாமல் ஒரு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை நின்றேன். திரும்பி வந்து, "ம், இப்ப அமுக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"யார்கிட்டம்மா பேசறீங்க?"

"எங்க வூட்டுக்காரரு சொன்னாருங்க" என்றேன். அமுக்கினேன்.