மூன்று முறை விழுந்தவன்

அப்பாவுக்கு,

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். வேலையில்லாமல் சரக்கு ரயிலேறித் திரியும் பையன்களைப் பற்றி இங்கே ஒரு சினிமா எடுக்கிறார்கள். நிஜமாகவே அப்படித் திரிந்த எங்களில் இருபது பேரைக் கூட்டத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பாடு.

நேற்று ஒரு பையன் ஓடும் பெட்டியின் கூரையிலிருந்து விழும் காட்சி. கீழே மெத்தை போட்டிருந்தார்கள். நடித்தவன் விழுந்தான், எழுந்தான், தூசியைத் தட்டிவிட்டுக் காபி குடித்தான். இப்படி மூன்று முறை.

டைரக்டர் என்னிடம் வந்தார். “நீ நெசமாவே பாத்திருப்பியேப்பா. விழுறவன் எப்படிக் கத்துவான்?”

“கத்த மாட்டான் சார். ‘அண்ணே, கையக் குடு’ன்னு மெதுவாத்தான் சொல்லுவான்.”

“அது எடுபடாதுப்பா. நல்லாக் கத்தணும்,” என்று போய்விட்டார்.

அத்தை கடிதம் போட்டிருந்தாள். நானும் தம்பி ஆர்விலும் சொல்லாமல் ஓடிவிட்டதாகவும், அவன் இப்போது ஆரிகன் மாநிலத்தில் ஆப்பிள் பறிப்பதாகவும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களாம். அவனைப் புதைத்த மறுநாள் நான் அடித்த தந்தி உங்கள் கைக்குத்தானே வந்தது?

“ரெண்டு வயித்துக்கு இங்க வழியில்ல, கெளம்புங்கடா” என்றீர்கள். அவனுக்குப் பதினாலு வயது. “கிறிஸ்துமஸுக்கு வரலாமாப்பா?” என்று கேட்டான். நீங்கள் குதிரைச் சேணத்தைத் தைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்குள் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் வந்து சொல்வேன். எங்களை அனுப்பியது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு மிஞ்சியிருக்கும் மகன்