வயர் பிடுங்கிய கிட்டார்

மாலைதீவு
6.8.2005

அன்புள்ள கலைச்செல்விக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா? கஹவத்தையில் மழை விட்டதா?

எங்கள் ஹோட்டல் பேண்ட் தலைவர் நிஹால் புது ஸ்பீக்கர்கள் வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் நம் தோட்டத்து லய வீட்டுக் கதவு உயரம். அவரிடம் மூன்று கிட்டார்கள் உண்டு. சட்டைக்குப் பொருத்தமானதை மாட்டிக்கொள்வார், சுருதி சேர்ப்பதில்லை. இப்போது பாட்டெல்லாம் சிடியில்தான். "மச்சான், நீ சிரிச்சிக்கிட்டு நின்னா போதும்" என்று போன வாரம் என் கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டார். வெள்ளைக்காரர்கள் முன்பைவிடப் பலமாகக் கைதட்டுகிறார்கள். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே.

நான் இன்னும் ஒழுங்காகத்தான் வாசிக்கிறேன். கடல் காற்றில் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. இங்கே என்னோடு வேலை செய்யும் நம் டவுன் ரிப்கான் ஊருக்கு வந்திருக்கிறான், லீவு முடிந்து திரும்பும்போது ஒரு செட் கொடுத்தனுப்பு. அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. இருந்தாலும் நல்லதாகப் பார்த்து வாங்கு.

தபால் படகு புறப்படுகிறது.

உன்
சுதாகரன்