கரமனையில் நீ சாமியாரான விவரம்

கரமனை,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி ஸ்ரீகுமாருக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி இறங்கும்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் க்ஷேமத்தைப் போனில் கேட்டால் "ஆல் குட்மா" என்று முடித்துவிடுகிறாய், நானும் பக்கத்தில் அப்பா இருக்கிறாரே என்று பாதியை முழுங்கிவிடுகிறேன், அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி. நீ இங்கே சாமியாராகிவிட்டாய்.

பர்மிங்காமிலிருந்து நீ அனுப்பிய புது ரெக்கார்டை கூரியர்காரர் வீடு மாறிப் பஜனை மடத்தில் கொடுத்துவிட்டார். அட்டையில்தான் இடுப்புவரை ஜடையும் தாடியுமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாயே, மடத்துக் காரியதரிசி வெங்கடேஸ்வரன் மாமாவுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. வடக்கேயிருந்து ஒரு மகான் தானாகவே தேடி வந்திருக்கிறார் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாலையும் சாத்திவிட்டார். ராஸ் ஸ்ரீ என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டாயே, ராஸஸ்ரீ சுவாமிகள் ஆகிவிட்டாய். படத்தில் உன் பின்னால் நிற்கிற சிங்கம் நரசிம்மமாம், அட்டையின் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் குங்குமம், மஞ்சள், வில்வமாம். போனில் உன் ரெகே பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டார்கள். நீ "ஐ அண்ட் ஐ" என்று பாடுகிறாயாம், "நானும் நானும்னா ரெண்டும் ஒண்ணுதான்னு அர்த்தம், சுத்த அத்வைதம்" என்று மாமா கண் கலங்கினார். "ஜா, ஜா" என்று ரெகேக்காரர்கள் கடவுளைக் கூப்பிட்டு உருகுவது ஜானகிராமனையாம், பக்தி முற்றிப்போய் மீதிப் பெயர் வாயில் வரவில்லையாம். நானும் கும்பலோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

இதில் எனக்கு மனசு ஆறாதது எது, கேள். சின்ன வயதில் பஜனையில் எல்லோரும் ஜால்ரா தட்டும் இடத்தில் நீ தட்டமாட்டாய், இரண்டு தட்டுக்கும் நடுவில் தட்டுவாய். "இந்தப் பிள்ளைக்குத் தாளமே இல்லை" என்று இதே மாமாதான் உன்னை வெளியே அனுப்பினார். என்ஜினீயரிங் படிக்கப் போன ஊரில் அந்த நடுத்தட்டுதான் ரெகேக்குத் தாளமாம், அதைப் பிடித்துக்கொண்டுதானே நீ மேடை ஏறினாய், நாலு தேசம் சுற்றினாய், சோறு சாப்பிடுகிறாய். இப்போது அவரே மற்றவர்களைத் திட்டுகிறார், "இடைவெளியில தட்டுங்கோ, அதுதான் சுவாமிகள் சம்பிரதாயம்" என்று. சனிக்கிழமை பஜனை முழுக்க விக்கல் எடுத்த மாதிரி இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். மார்கழியில் கோவளத்தில் நீ பாடப்போவது பேப்பரில் வந்துவிட்டது, அதே படம். கொச்சியிலிருந்து ரயிலில் வருகிறாய் என்றும் போட்டுவிட்டார்கள். உடனே தம்பானூர் ஸ்டேஷனில் பூர்ணகும்பம், நாதஸ்வரம், அப்புறம் மடத்து அறையில் தங்கல், பிக்ஷையும் அங்கேயே என்று முடிவாகிவிட்டது. ஏழு வருஷம் கழித்து வருகிற பிள்ளைக்கு இன்னொருத்தர் கரண்டியால் சாதம் போடுவார்களா? நேரே மடத்துக்குப் போய், இது எந்த மகானும் இல்லை, நான் பெற்ற ஸ்ரீகுமார், இங்கிலாந்தில் பாட்டுப் பாடுகிறான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமா எழுந்து நின்று, "பூர்வாசிரமத் தாயார்!" என்று என் காலில் விழுந்தார். பின்னாலேயே வரிசை. சன்னியாசி பிறந்த வீட்டில் தங்கக் கூடாது, அதனால் எங்கள் வீட்டுப் பக்கமே உன்னை அழைத்து வரமாட்டார்களாம். காய்கறி வாங்கப் போனால் இப்போது எனக்கு முன்னால் யாரும் கத்தரிக்காயைத் தொடுவதில்லை.

அப்பாவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். இந்தத் தலையோடு படி ஏறாதே என்று அன்று சொன்னவர் இன்றுவரை உன் பெயரை எடுத்ததில்லை என்பது உனக்கே தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேப்பரை மடித்து வைத்தார். "சன்னியாசின்னா தகப்பன் அவனுக்கு நமஸ்காரம் பண்ணணும். பிள்ளைன்னா அவன் எனக்குப் பண்ணணும். எதுவானாலும் அவன் ஆத்துக்கு வந்தாத்தானேடி நடக்கும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாற்காலிக் கையில் விரல் தட்டிக்கொண்டிருந்தது, உன்னைப் போலவே இரண்டு தட்டுக்கும் நடுவில்தான் தட்டினார், நான் பார்த்தேன்.

ஆகையால் முடியை வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று போன தடவை போனில் கேட்டாயே, அதற்குப் பதில், வேண்டாம். ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வா, பூர்ணகும்பம் தம்பானூரிலேயே காத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மேடையில் புகை போட்டால் தொண்டையைப் பார்த்துக்கொள். ஆயுசோடும் குரலோடும் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காமல் எழுது, அந்தத் தலைக்கு எண்ணெய் எவ்வளவு பிடிக்கும்? வாங்கி வைக்க வேண்டும்.

உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி