எட்டுக் கிலோ மெஷின்

நோட்டன் பிரிட்ஜ்,
ஐப்பசி 20.

அன்பு மருமகள் சுதர்ஷினிக்கு,

மாமா சின்னராசா எழுதுவது. இங்கே மழை, அட்டை, நான் மூவரும் சுகம். உன் சுகத்தைத் தோட்டத்து மாரியம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் குவைத்துக்கு வரும் சர்மிளா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய காசில் வோஷிங் மெஷின் வாங்கியாயிற்று. ஹட்டனில் நான் கடைக்குள் நுழைந்ததும் ரிஸ்வி முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். நோட்டன் பிரிட்ஜ் கரண்ட் ஸ்டேசனில் மூன்று மாதம் புல் வெட்டியவனுக்குக் கரண்டைப் பற்றி யார் பாடம் நடத்த முடியும்? நீ சொன்னபடியே லேபலில் நட்சத்திரங்களை எண்ணி, இன்வேட்டர் மோட்டர்தானா என்று தட்டிப் பார்த்து, பதினேழு மெஷின்களை வேண்டாமென்று ஒதுக்கினேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று முதலாளி கேட்டார். உன் அம்மா வாயைத் திறக்குமுன் நான், "எங்களுது பெரிய குடும்பம் முதலாளி, சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தி போடணும்" என்று சொல்லிவிட்டேன். உடனே எட்டுக் கிலோ மெஷினைக் காட்டினார். "நெறையப் போட்டு ஓட்டுங்க. அரைகுறையாப் போட்டா கரண்ட் வீண்" என்று சொல்லி அனுப்பினார்.

பிழை அங்கேதான். மச்சான் செத்து, நீயும் போன பிறகு அந்த லயத்து வரிசையில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே ஆள். தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒருத்தியின் உடுப்பு பத்து நாள் சேர்ந்தாலும் எட்டுக் கிலோ வருமா? பிள்ளை காசு கரண்டில் போகக்கூடாது என்று அவள் மறுபடியும் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கையாலேயே துவைக்கப் போனாள். விரல் மடங்காத கையோடு. நான் ஒரு சத்தம் போட்டேன். அதன் பிறகு அலுமாரியைத் திறந்து உன் உடுப்புகளை எடுத்தாள். ஸ்கூல் வெள்ளைச் சட்டை, பழைய ஸ்வெட்டர், மஞ்சள் சுடிதார். ஒன்றிலும் அழுக்கில்லை. மெஷின் நிறைய வேண்டுமே என்று வாரத்துக்கு ஒரு தரம் அவற்றையும் துவைத்துக் கொடியில் போடுகிறாள்.

போன ஞாயிறு அந்தச் சுடிதாரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு, "மக வந்துட்டாளாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா, "ஆமா, அலுப்புல தூங்குறா" என்று சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் அம்மாக்கண்ணு கோழிக் குழம்போடு வந்து நின்றாள், பின்னால் பாதி லயம். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குறா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் இருந்தேனோ பிழைத்தது. "பொங்கலுக்கு வாறா, டிக்கட் போட்டாச்சு. அந்தச் சந்தோசத்துல தங்கச்சிக்கு நெனப்புத் தடுமாறிப்போச்சு" என்று ஒரு போடு போட்டேன். எல்லோரும் நம்பினார்கள். இல்லை, நம்பவில்லை. சின்னராசா பேச்சை இந்தத் தோட்டத்தில் எவன் நம்பியிருக்கிறான்? குழம்பை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். உன் அம்மாதான் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கேட்கிறாள்.

மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. கரண்ட் பில்லும் கூடவில்லை.

குவைத்தில் இன்னும் இரண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகச் சொன்னாயே, வைத்துவிட்டாயா? அங்கே உனக்கு என்ன கஷ்டமோ, மாமாவுக்குத் தெரியாது. நான் ஆயிரம் பொய் சொன்னவன் ஆத்தா. ஒன்றாவது பலித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் நீ மெய்யாக்கிவிடு. மாரியம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்க்கும்
தாய்மாமன் சின்னராசா