ஒரே தட்டு மக்கரோனி

இன்று மூன்றாம் பாடவேளையில் மனையியல் வகுப்பிலிருந்து வெண்ணெயில் உள்ளிப்பூண்டு பொரியும் வாசம் வந்தது. அதன் பின்னாலேயே தக்காளி. பக்கத்து அறையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் பாதிக் கோட்டில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக் காத்திருந்தார்கள். வெளியே நமுனுகுலை மலை மழைக்குள் போயிருந்தது. உன்னை மண்ணுக்குக் கொடுத்து எட்டு மாதம். இத்தனை நாள் எந்தப் படமும் எந்தக் கனவும் செய்யாததை அந்த வாசம் செய்தது. மேசைக்கு எதிரே உன்னைக் கொண்டுவந்து இருத்திவிட்டது.

ஸ்டேஷன் ரோட்டு மாடியில் இருந்த அந்த இடத்துக்குப் பலகையில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. பதுளையில் எல்லோருக்கும் அது இத்தாலிக்காரர் கடைதான். உலக யுத்தகாலத்தில் தியத்தலாவை முகாமில் கைதியாக அடைபட்டிருந்தவர், விடுதலையான பிறகும் ஊர் திரும்பாமல் பண்டாரவளைப் பெண்ணொருத்தியை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். அவர் மனைவி மாவைப் பிசைந்து நாடா நாடாக வெட்டி, எங்கள் ஊர் வாயில் மக்கரோனி ஆகிவிட்ட அதைப் பின் வராந்தாவில் கயிறு கட்டிக் காயப்போடுவாள். மழை விடாத நாட்களில் அது காயாமல் போறணை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். தக்காளி வெலிமடையிலிருந்து வரும். தோட்டத்து மாட்டுப் பாலில் சீஸை அவரே உறையவைப்பார். சனிக்கிழமைப் பகலில் அங்கே கதிரை கிடைப்பது பெரும்பாடு. தோட்டத் துரைமார், ரயில் கார்ட்மார், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார் எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: "இரு. சாப்பிடு. பேசாதே." துரைக்கும் அதுதான், துரையின் டிரைவருக்கும் அதுதான்.

என்னையும் உன்னையும் ஒரு மேசையில் இருத்தியது அந்த நெரிசல்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் விசேஷ வகுப்பு எடுத்துவிட்டு வந்து, தனியாக ஒரு மூலை மேசையில் இருந்தேன். ஆஸ்பத்திரி நேர்ஸ் உடுப்போடு நீ வந்தாய். வேறு இடமில்லை. அவர் உன் தோளைப் பிடித்து என் எதிரே இருத்திவிட்டு, "இரு" என்றார். பிறகு ஒரே ஒரு பெரிய தட்டையும் இரண்டு முட்கரண்டியையும் நடுவில் வைத்துவிட்டுப் போனார். மேசைக்கு ஒரு தட்டு, அவருடைய வழக்கம் அது. "எனக்கு வேறை தட்டு வேணும்" என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பிறத்தியாரோடு ஒரு தட்டில் கை வைப்பதை என் வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதைப் பாடம்போல் கேட்டு வளர்ந்தவள் நான்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். என் சேலையில் ஒட்டியிருந்த சுண்ணக்கட்டித் தூளைப் பார்த்தாய். பிறகு முட்கரண்டியால் மக்கரோனிக்கு நடுவே நேராக ஒரு கோடு கிழித்தாய்.

"அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், இந்தப் பக்கம் எங்க லுணுகலைத் தோட்டம். எச்சில் படாது. சாப்புடுங்க டீச்சர்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எது முந்தி, எது பிந்தி என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீண்ட மழைப்பகல்போல இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிந்து, கீழே தெரு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரியும். குடைகள் மிதந்து போகும். ரயில் எங்கோ மலைமடிப்புக்குள் ஊதும். அது வந்து சேர்வதற்குள் நாங்கள் பாதி சாப்பிட்டு முடித்திருப்போம். வேலை முடிந்து நேரே வருகிறவள் நீ. வாயில் மக்கரோனி தொங்க உனக்குக் கண் சொருகும். தட்டி எழுப்பினால், "தூங்கலைங்க, ருசி பாத்துக்கிட்டிருந்தேன்" என்பாய். தட்டில் கோடு போடுவதை எந்தச் சனிக்கிழமை விட்டோம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருந்திருக்கும்.

ஐம்பத்தொன்றில் அந்த மேசைக்கு இன்னொரு வேலையும் வந்தது. உன் அப்பா, அம்மா, தோட்டத்து லயத்தில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் பிரஜாவுரிமை கேட்டு, இந்த நாட்டில் தாங்கள் யார் என்று எழுதிக் கொடுக்கவேண்டிய காலம். சாப்பாடு முடிந்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நீ படிவத்தை விரிப்பாய். நான் பேனாவை எடுப்பேன். உன் அப்பா பிறந்த ஊர், இங்கே வந்த வருஷம், சாட்சி சொல்லக்கூடியவர் யார். "நான் லுணுகலையிலதான் பொறந்தேன், அதுக்கும் ஆள் காட்டணுமாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அப்படிப் படிவம் விரித்திருந்த ஒரு சனிக்கிழமைதான் என் அண்ணர் படியேறி வந்தார். எனக்குக் கல்யாணம் பேசிய இடத்துப் பெரியவரும் கூட. மறுநாள் வருவதாக எழுதியிருந்தவர்கள் ஒருநாள் முந்தி வந்து, நான் தங்கியிருந்த வீட்டில் விசாரித்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிட்டார்கள். மேசையில் ஒரே தட்டு. அதில் இரண்டு முட்கரண்டி. பெரியவரின் கண் முதலில் தட்டுக்குப் போனது, பிறகு உனக்கு.

அண்ணர் கேட்டார்: "ஆர் பிள்ளை இவ?"

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளை, அண்ணை. கடையில இடமில்லை எண்டு இதில வந்து இருந்தவ."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தி நடந்ததைத்தான் சொன்னேன். நடுவில் இருந்த சனிக்கிழமைகள் அத்தனையையும் விழுங்கிவிட்டுச் சொன்னேன். நீ அவசரப்படவில்லை. உன் அப்பாவின் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாய். பெரியவருக்குக் கதிரையை நகர்த்திக் கொடுத்தாய். "நான் வர்றேங்க" என்றாய், பொதுவாக, யாரையும் பாராமல். இத்தாலிக்காரர் வந்து காலிக் கதிரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அவர் "சாப்பிடு" என்று சொல்லவில்லை.

அந்தச் சம்பந்தம் எப்படியோ கூடாமல் போனது. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. இரண்டு சனிக்கிழமை நீ வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நேர்ஸ்மார் விடுதிக்கு வந்தேன். நீ கட்டிலில் இருந்து தலை வாரிக்கொண்டிருந்தாய். நீதான் முதலில் பேசினாய்.

"படிவத்துல நீ யாருன்னு கேக்குறாங்க, எழுதிக் குடுக்குறோம். அது கவர்மெண்டு. நீங்களும் என்னைய யாரோன்னு சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல டீச்சர்."

நான் அழுதேன். நீ தலையை வாரி முடித்து, கொண்டை போட்டு, குடையை எடுத்தாய். "வாங்க, பசிக்குது" என்றாய். மாடியில் அதே மேசை கிடைத்தது. தட்டு வந்ததும் நடுவே கோடு போட்டாய். இந்தமுறை அதில் சிரிப்பு இல்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தைச் சாப்பிட்டோம். என் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் தக்காளி விழும். கடைசியில் உன் முட்கரண்டி கோட்டைத் தாண்டி வந்து அதில் ஒன்றைக் குத்தி எடுத்துப் போனது. நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் நீ எடுப்பதை நிறுத்திவிடுவாயோ என்று பயம்.

பிறகு நீ லுணுகலைப் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே மாறிப் போனாய். இத்தாலிக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது துணி தைக்கிறார்கள். மாதம் ஒருமுறை நீ பதுளைக்கு வருவதும், சைவக்கடையில் தோசை தின்பதுமாகப் பத்து வருஷம் போயிற்று. அந்த நாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று நாள் காய்ச்சல் என்று தந்தி வந்தபோது நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் வீட்டு வாசலில் நின்ற என்னை உன் அம்மா யாரென்று கேட்கவேயில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சொந்தக்காரப் பெண்களிடம் சொன்னார்: "இவங்கதான் அந்த டீச்சரம்மா. எம் மகளோட ஒரே தட்டுல சாப்புட்டவுங்க. யாரு வந்து நின்னாலும் அப்படித்தான் சாப்புடுவாங்களாம். அவ சொல்லிச் சொல்லி மாளாது."

அந்தப் பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

மாதக் கடைசியில் இப்போது நான் மலையேறி வருகிறேன். உன் அம்மா சோறு போட்டுக் குழம்பை ஊற்றுவார். ஒவ்வொரு தடவையும் அண்ணர் வந்த அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிட வாயெடுக்கிறேன். அவர் என் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, உப்புப் போதுமா என்று கேட்கிறார். போதும் என்கிறேன். அந்த வீட்டுக்கு நான் யாராக இருக்கவேண்டும் என்பதை நீ முடிவுசெய்துவிட்டுப் போய்விட்டாய். நீ சொல்லிவைத்த அந்த டீச்சரம்மா நான் இல்லை. ஆனால் அவர்கள் கதவைத் திறப்பது அவளுக்குத்தான், ஆகவே அவளாகத்தான் உள்ளே போகிறேன்.