எனக்கும் அவளுக்கும் ஒரே மாத்திரை

2013 ஜனவரி 9, புதன்

மத்தியானம் பேத்தி பெபிஷா பெட்டியோடு வந்து இறங்கினாள். மாமியார் குளோரி அனுப்பிவிட்டாளாம். அலமாரியில் சர்க்கரை மாத்திரை அட்டை கிடந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "சீக்குக்காரிய மறச்சு வச்சுக் கெட்டிக் குடுத்தாச்சு. அதாக்கும் மூணு வருசமாட்டு வயிறு நெறயல்ல" என்று குளச்சல் தெருவே கேட்கச் சொல்லியிருக்கிறாள். ஏப்ரலில் மகன் ஜெஃப்ரின் பஹ்ரைனிலிருந்து வந்ததும் மாதா கோயில் பங்குச்சாமியிடம் பிராது கொடுத்துப் பிரித்துவிடுவாளாம்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான் காலையும் ராத்திரியும் விழுங்குகிற அதே மாத்திரை. இந்த வயசில் இவளுக்கு எதற்கு? டாக்டரம்மா தந்தது என்பதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 10

குளச்சலுக்குப் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கல்யாண ராத்திரி எங்கள் முட்டத்து ஆட்களுக்குக் கறி தீர்ந்துபோச்சு என்று வெறும் சாறு ஊற்றியதையும் சேர்த்தே கேட்டேன். இனி உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 12

பெபிஷாவைப் பெற்ற என் மகள் லீமா குவைத்திலிருந்து போன். அங்கே நர்ஸ். பிள்ளையை வளர்த்தது நான், போனில் புத்தி சொல்வது அவள்.

பிப்ரவரி 6, புதன்

பெபிஷாவோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், இவளுக்குச் சர்க்கரையா என்று.

இல்லையாம். சினைப்பையில் நீர்க்கட்டியாம். கட்டி என்பது பேச்சுக்குத்தான். வளர்ந்து பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள் அவை என்று பேப்பரில் வரைந்து காட்டினாள். எந்தப் பெண்ணுக்கும் மாதாமாதம் பல முட்டைகள் கிளம்பி, ஒன்று முதிர்ந்து, மற்றவை தானாகச் செத்து ஒழியும். அது இயற்கை. முட்டையைச் சுற்றி அதற்குத் தீனி கொடுக்கிற அணுக்கள் உண்டு. இவளைப் போன்றவர்களுக்கு அவை காலத்துக்கு முன்பே செத்துப்போகின்றன என்றும், வெளிச்சுற்றில் ஆண் சுரப்புநீரை உண்டாக்கும் அணுக்கள் சாகாமல் பெருகுகின்றன என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். இன்னும் முழுசாய்ப் பிடிபடவில்லையாம். உடம்பில் இன்சுலின் கூடினால் கோளாறு முற்றும். அதைத் தணிக்கத்தான் மாத்திரை.

சாகக்கூடாதது சாகிறது. சாக வேண்டியது கிடக்கிறது. இதில் என் பிள்ளை செய்த குற்றம் என்ன?

"பிள்ள பொறக்குமா?" என்று கேட்டேன். பொறக்கும், எடை குறையணும், பொறுமை வேணும் என்றாள். பெபிஷா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. குளோரியை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 5

விடிந்ததும் இரண்டு பேரும் கலங்கரை விளக்கம் வரை நடக்கிறோம். எனக்கும் சர்க்கரைக்கு நல்லதாம். இவளைக் கெட்டிக் கொடுத்த பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இப்போதுதான். இவள் இங்கேயே இருந்துவிட்டால்தான் என்ன?

சீ. என்ன நினைப்பு இது.

ஏப்ரல் 18, வியாழன்

ஜெஃப்ரின் வந்தான். பஹ்ரைனிலிருந்து இறங்கிய மறுநாளே தாயை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போயிருக்கிறான். "அம்மைக்கும் படம் வரச்சுக் காட்டுனாவ, அம்மாச்சி. பிராதுப் பேச்ச விட்டாச்சு" என்றான். பெபிஷாவைக் கூட்டிப் போய்விட்டான். குளோரி காரைவிட்டு இறங்கவில்லை. தப்பு என்று ஒரு சொல் வருமா என்று காத்து நின்றேன். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

ஏப்ரல் 19

தனியாக நடந்தேன். பாதியில் திரும்பிவிட்டேன்.

மே 30

ஸ்கேனில் ஒரு முட்டை முதிர்ந்திருக்கிறதாம். பெபிஷா போனில் சொன்னாள். மாதாவே.

ஜூன் 22

பெபிஷாவுக்குக் கரு நின்றிருக்கிறது! லீமா போனிலேயே அழுதாள். ஜெஃப்ரின் திரும்பிப் போய்விட்டான். பஸ்ஸில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிள்ளை இங்கே வரமாட்டாள். நானும் அங்கே போகமாட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஏழாம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே, கார் பிடித்தாவது கூட்டி வருவோம் என்று முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் சுட்டு எடுத்துக்கொண்டு குளச்சல் போனேன். போகமாட்டேன் என்றேன்தான். போனேன்.

முற்றத்திலேயே நின்றேன். குளோரி உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வெளியே போட்டாள். "படி மிதிக்காண்டாம், மாமி. இஞ்ச இரிங்கோ." நக்கலா, மரியாதையா? அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. சோற்றையும் மீன்குழம்பையும் அங்கேயே கொண்டுவந்து தந்தாள். பெபிஷா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. குளோரி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்தாள். நான் செய்ய வேண்டிய வேலை.

வா மக்களே, போவோம் என்றேன். பெபிஷா குனிந்துகொண்டாள்.

"நான் இஞ்சயே பெத்துக்கிடுதேன், அம்மாச்சி. ஒங்களுக்கே ஒடம்புக்கு ஆவாது. நீங்க என்னையப் பாப்பியளா, ஒங்களப் பாப்பியளா?"

குளோரி அடுத்த காலை மடியில் எடுத்து வைத்தாள். ஜெயித்த மாதிரிச் சிரித்திருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குளோரியைத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முட்டம் வரை யோசித்தேன்.

மீன்குழம்பில் புளி கூடுதல். எழுதி வைக்கிறேன்.