உள்ளங்கைச் சீனி

2001 ஆவணி, ஞாயிறு

என் வீட்டுக்காரரின் கருமாதி முடிந்து இன்றுதான் மகள் டிவியைப் போட்டாள். இந்தியா நாடகத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் அந்தச் சிரிப்பு நடிகர் வந்தார். முன்பு கதவு திறக்கும் வேலைக்காரனாக வந்தவர், இப்போது வீட்டுக்கே முதலாளி. ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் போல சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கித்தான் தேத்தண்ணி குடிக்கிறார்.

அதைக் கண்டால் என் வீட்டுக்காரர், "இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன நம்ம தோட்டத்து ஆளுடி இவன். எந்த லயத்து வீட்டுப் புள்ளன்னுதான் தெரியல" என்பார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று பயந்து வாயைப் பொத்தினேன்.

"சிரிம்மா. இல்லாட்டி நம்ம ஆள மதிக்கலன்னு அப்பா ஏசுவாரு" என்றாள் மகள்.

இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம். பிறகு என் வீட்டுக்காரர் குடிப்பதைப் போலவே உள்ளங்கையில் சீனி வைத்துத் தேத்தண்ணி குடித்தேன். பேனா கையில் ஒட்டுகிறது. கழுவ மனமில்லை.